முட்டியும் பீப்பாவும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பனங்கூடல்களிலே நாள்தோறும் ஒரு தெரிவு நடைபெறுகின்றது. சீவல் தொழிலாளி மரமேறுமுன் தம் முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் அந்த மரம் தருவது கருப்பநீர். தடவாது விட்டால் அது கள். மரம் ஒன்றே, பாளை ஒன்றே, பாளையின் நுனியிலிருந்து சொட்டும் நீரும் ஒன்றே. சிறிதளவு சுண்ணாம்புதான், குழந்தைக்கும் பருகக் கொடுக்கும் இனிய நீரையும் மதுவரி உத்தியோகத்தர் அளந்து கணக்கெழுதும் மதுவையும் வேறு பிரித்து நிற்கின்றது.

இதன் காரணம் எளிது. பாளைநீரில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு வரையிற் சர்க்கரை உண்டு. காற்றிலும் முட்டியிலும் பாளையிலும் தங்கியிருக்கும் மதுவம் என்னும் நுண்ணுயிர் அந்தச் சர்க்கரையை உண்டு மதுசாரமாக மாற்றுகின்றது. சுண்ணாம்பின் காரம் அந்நுண்ணுயிரைத் தொழிற்பட விடுவதில்லை. சுண்ணாம்பு இல்லாத முட்டியிலோ, முதற்றுளி விழுந்தவுடனேயே வேலை தொடங்கிவிடுகின்றது. இறக்கிய உடனே பருகும் கள்ளை யாழ்ப்பாணத்தார் உடன் கள் என்பர். அதில் இனிப்பும் நுரையும் இருக்கும். பொழுது ஏற ஏற இனிப்புக் குறைந்து வெறி கூடும். மறுநாட் புளிப்பு முந்தும். அதற்கப்பாலும் வைத்திருந்தால் அது காடியாகிவிடும். ஆகவே கள்ளின் வாழ்நாள் ஒரு பகலும் ஓர் இரவுமே எனலாம்.

வேறு நாடுகளில் மதுவின் தரம்பற்றி எழும் வழக்கு வேறு வகையானது. அயர்லாந்திலே வாற்கோதுமையிலிருந்து வடிக்கப்படும் விஸ்கி என்னும் மதுவை எடுத்துக்கொண்டால், ஓக்கு மரப் பீப்பாவிற் பல்லாண்டு கிடந்து முதிர்ந்ததே சிறந்தது என்பார் ஒரு சாரார். தேனும் பழச்சுவையும் வாசனைப் பொருளும் கூட்டி இளமையிலேயே இனிதாக்கியதை விரும்புவார் மற்றொரு சாரார். வெளிப்பார்வைக்கு இது நாவின் விருப்பம்பற்றிய வழக்கு. ஆயினும் இரண்டு வழியும் ஒரே இடரிலிருந்து பிறந்தவை. கொதிகலத்திலிருந்து புதிதாக வடிந்த மது தொண்டையை எரிக்கும். அதன் மணமும் முரடானது. அந்த முரட்டுத் தன்மையைக் காலத்தைக் கொண்டு தீர்ப்பது ஒரு வழி. சுவையைக் கொண்டு மறைப்பது மற்றொரு வழி. காலத்தைக் கொண்டு தீர்ப்பவனுக்குப் பீப்பா வேண்டும், பண்டசாலை வேண்டும், பல்லாண்டு பணம் முடங்கிக் கிடந்தாலும் அடுப்பெரியும் என்னும் துணிவு வேண்டும். இந்த மூன்றாவது பொருள்தான் யாழ்ப்பாணத்துக் கதைக்கு உயிரானது.

முதிர்ந்ததும் மணமூட்டியதும் என்ற இரண்டும் தமிழருக்குப் புதியன அல்ல. சங்கப் பாடல்களிலே, மலைவாழ் மக்கள் நீண்ட மூங்கிற் குழாயில் வைத்து முற்றவிட்ட தேறல் பேசப்படுகின்றது. பூமணம் கமழும் தேறலும் பேசப்படுகின்றது. யவனர் கலத்திற் கொணர்ந்த மதுவைப் பொற்கிண்ணத்தில் ஏந்திப் பருகிய பாண்டியனையும் அங்குக் காண்கின்றோம். ஆனால் அவை காய்ச்சி வடித்தவை அல்ல, நுரைத்துத் தெளிந்தவை. மூங்கிலில் முற்றிய தேறல் குறிஞ்சிக்கு உரியது. பனையோ வெயிலும் மணலும் உவர்க்காற்றும் விரும்பும் மரம். பனைநிலத்தவன் மதுவை முற்றவைக்க நினைத்தாலும் அவன் நிலத்து வெயில் அதற்கு இடங்கொடாது. அன்றன்றைக்கு இறக்கி அன்றன்றைக்கே பருகுவதுதான் அந்நிலத்தின் வழக்கம்.

யாழ்ப்பாணத்துச் சொற்களே இந்த வரலாற்றைச் சொல்லுகின்றன. முட்டி தமிழ்ச் சொல். குருத்தோலையை மடித்துக் கட்டிய பிளா என்னும் குடிகலமும், கள் விற்கும் கொட்டிலும், பாளை சீவும் கத்தியும், காலிற் பூட்டும் தளைநாரும் அவ்வாறே ஊர்ச் சொற்கள். ஆனால் தவறணை என்னும் சொல் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. பீப்பா என்பதும் அவர்கள் மொழியிலிருந்து வந்ததே. போத்தலும் கடல் கடந்து வந்த சொல். அன்றாடம் இறக்கிப் பருகும் பொருளுக்கு வேண்டிய சொல்லெல்லாம் இந்நாட்டில் இருந்தன. மதுவைச் சேர்த்து வைப்பதற்கும் அடைத்து விற்பதற்கும் வேண்டிய சொற்களே பிறரிடமிருந்து வந்தன.

1619ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1658இல் ஒல்லாந்தர் அவர்களை வென்றனர். ஒல்லாந்தக் கம்பெனிக்குச் சாராயம் ஒரு சில்லறைப் பொருளன்று. கீழைத்தேயம் எங்கும் அவர்களுடைய மாலுமிகளும் போர்வீரரும் சாராயம் பருகினர். ஐரோப்பாவிலிருந்து வரும் திராட்சை மது நெடும் பயணத்திற் கெட்டும் போகும், விலையும் மிகுதி. அரக்கு என்று ஐரோப்பியர் வழங்கிய பெயர் வியர்வையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. கொதிகலத்தின் மூடியில் ஆவி குளிர்ந்து வியர்வைபோலத் துளிப்பதைக் கண்ட எவர்க்கும் இப்பெயரின் பொருத்தம் விளங்கும். அந்தச் சாராயத்தோடு எலுமிச்சஞ் சாறும் சர்க்கரையும் நீரும் வாசனைப் பண்டமும் சேர்த்துப் பருகும் வழக்கத்தை ஐரோப்பியர் கீழைத்தேயத்திலே கற்றுத் தம் ஊர்களுக்கும் கொண்டு போயினர். பொருள்கள் ஐந்து ஆதலின், ஐந்து எனப் பொருள்படும் இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து அதற்குப் ‘பஞ்ச்’ என்னும் பெயர் வந்தது என்பர். இலண்டன் மாளிகைகளில் வெள்ளிப் பாத்திரத்தில் அது பரிமாறப்பட்டது. இளஞ்சாராயத்தின் முரட்டுத்தனத்தை எலுமிச்சையும் சர்க்கரையும் எவ்வாறு மறைத்தன என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

சாராயத்தைக் காய்ச்சும் உரிமையையும் விற்கும் உரிமையையும் ஏலத்தில் விடுவது ஒல்லாந்தர் கண்ட வழி. 1795இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய பிரித்தானியரும் அதனையே தொடர்ந்தனர். ஒரு பகுதியில் மது விற்கும் உரிமையை மிகுந்த தொகைக்கு ஏலம் எடுத்தவரே குத்தகைக்காரர். அவருக்கு அரசாங்கத்தார் வேண்டுவது குறித்த தவணையிற் குறித்த பணம், வேறொன்றுமில்லை. இலங்கைத் தீவின் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெருஞ்செல்வர் பலருடைய முதல் இந்தக் குத்தகையிலிருந்தே திரண்டது. தென்னிலங்கையில் தென்னஞ்சாராயம் இவ்வாறு சிலரைச் சீமான்களாக்கியது. வடக்கிலே கள்ளே மிகுதியாகப் பருகப்பட்டமையால் குத்தகையின் பாரம் வேறு வகையாக விழுந்தது. ஆயினும் அடிப்படை ஒன்றே. பீப்பாவை உடையவன் காத்திருக்கலாம். விலை ஏறும்போது விற்கலாம். முட்டியை உடையவனோ பொழுது சாயுமுன் விற்றாக வேண்டும். மாலையில் வாங்குவோர் கேட்கும் விலையே அவன் விலை.

முட்டியை உடையவன் என்றதும் ஒரு திருத்தம் வேண்டும். முட்டி அவனுடையது, மரம் பெரும்பாலும் அவனுடையதன்று. குடாநாட்டின் பனங்காணிகள் வேளாண் குடும்பங்களின் உடைமையாக இருந்தன. மரத்தைப் பருவத்துக்குக் குத்தகையாகப் பெற்றோ, இறக்கியதிற் பங்கு கொடுத்தோ சீவல் தொழிலாளர் தொழில் செய்தனர். யாழ்ப்பாணத்துச் சாதி அடுக்கின் கீழ்ப்படிகளிலே தள்ளி வைக்கப்பட்ட சமூகங்கள் அவை. கோயிலின் வெளிவீதிக்கு அப்பால் அவர்களுக்கு அனுமதி இல்லாதிருந்தது. ஊர்ப் பொதுக் கிணற்றிலும் தேநீர்க் கடையிலும் அவ்வாறே. அவர்கள் இறக்கிய கள்ளைப் பருகக் கொட்டிலுக்கு வருவோர்க்கு மட்டும் அத்தகைய தயக்கம் இருந்ததில்லை. வெயிலிலும் காற்றிலும் ஒரு நாளைக்குப் பல மரம், ஒவ்வொரு மரமும் இரண்டு வேளை, மார்பிலே நார்த் தழும்பும் உள்ளங்காலிலே காய்ப்பும். தளைநார் அறுந்து விழுந்தால் பிழைப்பது அரிது. பனையின் உயரம் அறுபது அடிக்கு மேலும் போகும்.

1850ஆம் ஆண்டிலே வில்லியம் பெர்குசன் என்பவர் பனையைப்பற்றித் தனி நூல் ஒன்று கொழும்பில் வெளியிட்டார். பனையின் பயன்கள் எண்ணூற்றொன்று எனத் தமிழ்ப் புலவர் ஒருவர் பாடியுள்ளார் என்னும் செய்தியை ஐரோப்பியர் அறிந்தது அக்காலத்து நூல்கள் வழியாகவே. எண்ணூற்றொரு பயன்களுள் அரசாங்கத்தின் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தது ஒன்றுதான். பனங்கட்டிக்கு வரியில்லை, ஒடியலுக்கும் புழுக்கொடியலுக்கும் வரியில்லை, கள்ளுக்கு உண்டு.

கள்ளுக்கு எதிராக எழுந்த குரல்களும் இந்நாட்டிற் பழையனவே. திருவள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரம் வகுத்தார். 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமார் மதுவை முற்றாக விலக்கும் கொள்கையைத் தம் பள்ளிக்கூடங்களோடு கொண்டு வந்தனர். அவர்களோடு மற்றெல்லாவற்றிலும் வாதிட்ட ஆறுமுக நாவலர் இந்த ஒன்றிலே அவர்களோடு மாறுபட்டாரில்லை. சைவப் பிள்ளைகளுக்காக அவர் எழுதிய பாலபாடத்திலே கள்ளுண்டலைக் கடுமையாகக் கண்டித்தார். கிறித்தவரும் சைவரும் ஒரே மேடையில் அமரக்கூடிய காரியங்கள் அக்காலத்து யாழ்ப்பாணத்தில் மிகச் சிலவே. மதுவிலக்கு அவற்றுள் ஒன்று. அந்த மேடையிற் கள் இறக்குபவர் அமரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும். குடியினாற் குடும்பங்கள் அழிந்தமை உண்மை. அக்குடும்பங்களுட் பல, இறக்குபவருடைய குடிசைக்கு அடுத்த குடிசைகளிலேயே இருந்தன என்பதும் உண்மை. ஆயினும் மரத்தை விட்டு இறங்கியபின் அவர் எதைச் செய்து வாழ்வார் என்னும் கேள்விக்கு மேடையிலிருந்து விடை வந்தது அரிது.

1912ஆம் ஆண்டின் எட்டாம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் பழைய குத்தகை முறையைக் கலைத்தது. கள்ளும் சாராயமும் ஒரே கடையில் விற்றல் கூடாது எனப்பட்டது. கள்ளுக்கெனத் தனித் தவறணைகள் நாடெங்கும் திறக்கப்படலாயின. மென்மையான கள் எளிதிற் கிடைத்தால் மக்கள் கடுமையான சாராயத்தைக் கைவிடுவர் என்பது அரசினரின் வாதங்களுள் ஒன்று. வாதம் முற்றும் பொய்யன்று. ஆனால் ஊருக்கு ஊர் தவறணை திறந்தால் அது குடியைக் குறைக்கும் என்று நம்ப மக்கள் ஆயத்தமாக இருக்கவில்லை. மதுவிலக்கு இயக்கம் தீவெங்கும் மூண்டது. பிற்காலத்தில் நாட்டின் அரசியல் தலைமையை ஏற்ற பலர் முதன்முதலிற் பொதுமேடை ஏறியது இந்த இயக்கத்திலேதான். பின்னர், ஒரு தவறணை வேண்டுமா வேண்டாமா என்று அவ்வூர் மக்களே வாக்களித்துத் தீர்மானிக்கும் முறை வந்தது. அவ்வாக்கெடுப்புக்களில் யாழ்ப்பாணத்துத் தவறணைகள் பல மூடப்பட்டன.

1927 நவம்பர் இறுதியில் யாழ்ப்பாண மாணவர் காங்கிரசின் அழைப்பை ஏற்றுக் காந்தியடிகள் குடாநாட்டுக்கு வந்தபோது அவர் பேச்சுக்களில் மதுவிலக்கும் இடம்பெற்றது. ஆயினும் அடிகளாரிடம் மேடைப்பேச்சுக்கு அப்பாலும் ஒன்று இருந்தது. பனையை வெட்டுவதோ தொழிலாளியைக் கைவிடுவதோ அவர் கருத்தன்று. பாளைநீரைப் புளிக்க விடாது இறக்கி வெல்லம் காய்ச்ச வேண்டும் என்பதே பின்னாளில் அவர் கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் வழியாக வற்புறுத்திய திட்டம். 1937 அக்டோபர் முதலாந் தேதி சேலம் மாவட்டத்தில் இராசகோபாலாச்சாரியாரின் அரசாங்கம் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோதும் பனைவெல்லமே தொழிலாளிக்கு மாற்று வழியாகக் காட்டப்பட்டது. சுருங்கச் சொன்னால், முட்டியிற் சுண்ணாம்பு தடவு என்பதே அத்திட்டம்.

இது யாழ்ப்பாணத்தார் அறியாத வழியன்று. கருப்பநீரைக் காய்ச்சிப் பனங்கட்டியாக்கி, ஓலையால் இழைத்த குட்டானில் வார்த்து, ஆண்டு முழுதும் வைத்திருக்கும் வழக்கம் அங்கு வேரூன்றியது. ஆடிப்பிறப்புக் கூழுக்கு அந்தப் பனங்கட்டி இன்றியமையாதது. தேநீர் பருகும்போது கையிலே ஒரு துண்டு வைத்துக் கடிப்பதும் உண்டு. பனங்கட்டியும் ஒருவகையிற் காலத்தை வெல்லும் உபாயமே. கள் ஒரு நாளில் இழப்பதைப் பனங்கட்டி ஓராண்டு காத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு விறகு வேண்டும். தாய்ச்சி என்னும் பெரிய பாத்திரத்திற் பல மணி நேரம் கிண்ட வேண்டும். அந்த வேலை முழுவதும் இறக்குபவருடைய மனைவிக்கும் பெண்பிள்ளைகளுக்கும் உரியது. கடையிற் சீனி மலிந்துவிட்ட ஆண்டுகளிற் பனங்கட்டிக்குக் கிடைக்கும் விலை விறகுக்கும் காணாது. கள்ளுக்கோ விறகு வேண்டாம். பணம் அன்று மாலையே கைக்கு வரும். அறிவுரை கூறியோர் நாவின் ஆசையை நினைத்தனர். முட்டியிற் சுண்ணாம்பு தடவுவதா விடுவதா என்று எண்ணி நின்றவர் விறகின் விலையை நினைத்தார். வேறுபாடு இதுவே.

மது அருந்தாத வீடுகளிலும் கள்ளுக்குச் சிறிது இடம் இருந்தது என்பதை இங்கே குறிப்பிடலாம். அப்பத்துக்கு அரிசிமாவைப் புளிக்க வைக்கச் சிறிதளவு கள் விடுவது யாழ்ப்பாணத்துச் சமையலின் பழைய முறை. அதற்காகச் சிறு செம்போடு கொட்டிலுக்கு அனுப்பப்பட்ட பிள்ளை, வழியில் எவர் கேட்டாலும் ‘அப்பத்துக்கு’ என்று முதலிலேயே சொல்லிவிடும்.

தவறணைகள் மூடப்பட்ட பின்னரும் பனைகள் பாளை விடாமல் இருக்கவில்லை. பிற்பட்ட காலத்தில் யாழ்ப்பாணத்திலே மரவரி முறை நடைமுறைக்கு வந்தது. இன்ன மரத்திலிருந்து கள் இறக்க இவ்வளவு வரி என்று செலுத்திவிட்டுத் தொழிலாளி மரத்தடியிலேயே விற்கலாம். குத்தகைக்காரனின் பிடி இதனால் தளர்ந்தது. ஆனால் வரி மரத்துக்கு, விளைவுக்கு அன்று. மழையில் முட்டி நிறையாவிட்டாலும் வரி வரிதான். பருவத்தின் உச்சத்தில், எல்லா மரமும் ஒரே வேளையிற் சுரக்கும்போது, வாங்குவோரின்றிக் கள் தரையில் ஊற்றப்பட்டது. பனை தென்னை போன்றதன்று. தென்னை ஆண்டு முழுதும் பாளை விடும். பனையோ ஆண்டிற் சில மாதங்களே பாளை தரும், அம்மாதங்களில் அள்ளிக் கொடுக்கும், பின்னர் நின்றுவிடும். அந்தச் சில மாதங்களில் மிஞ்சுவதை எஞ்சிய மாதங்களுக்கு வைத்திருக்க ஒரே வழி காய்ச்சி வடிப்பது. கள்ளில் மதுசாரம் நூற்றுக்கு ஐந்தாறு பங்கு. சாராயத்திலோ முப்பதுக்கும் மேல். ஆறேழு போத்தற் கள் ஒரு போத்தற் சாராயமாகச் சுருங்கி, கெடாத பொருளாகிவிடும். வழி தெரிந்ததே. ஆனால் வடிசாலை கட்டும் பணமும் அனுமதியும் மரமேறுபவரிடம் இருக்கவில்லை.

அயர்லாந்தின் கதையை இவ்விடத்தில் மீண்டும் நினைப்பது பயன் தரும். ஏனெனில் அங்கும் மதுவின் தலைவிதியை மாற்றியது நாவன்று. 1830ஆம் ஆண்டிலே, இடையறாது வடிக்கும் புதியதொரு கொதிகலத்துக்கு உரிமைப்பத்திரம் பெற்ற ஈனியஸ் காபி என்பவர் முன்பு அங்கே மதுவரி அதிகாரியாக இருந்தவர். கள்ளச் சாராயம் காய்ச்சுவோரைத் தேடித் திரிந்த மனிதர் சாராயத் தொழிலையே தலைகீழாக்கினார். அவருடைய கலத்தில் வடிந்தது மலிவானது, மென்மையானது, மணமோ குறைவு. டப்ளின் நகரத்துப் பெரிய வடிசாலையார் அதனை ஏற்க மறுத்தனர். 1870களின் இறுதியிலே அவர்களுள் நால்வர் கூடி, அது விஸ்கியே அன்று என வாதிட்டு நூலும் வெளியிட்டனர். ஸ்கொத்துலாந்துக்காரரோ அதனைப் பழைய முறை மதுவோடு கலந்து உலகெங்கும் விற்றனர். 1909இல் விசாரணைக் குழு ஒன்று கலவையையும் விஸ்கி என்றே அழைக்கலாம் எனத் தீர்த்தது. தரத்தில் விடாப்பிடியாக நின்ற டப்ளின் வடிசாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. 1970களின் நடுப்பகுதியிலே அத்தீவு முழுவதிலும் இரண்டு வடிசாலைகளே எஞ்சியிருந்தன.

முதிர்ந்த மதுவே மது என்னும் சட்டம் எவ்வாறு வந்தது என்பது இன்னும் விந்தையானது. முதலாம் உலகப் போரின் நடுவே, 1915இல், தொழிலாளர் குடித்துவிட்டு வெடிமருந்து வேலைக்கு வராதிருப்பதைத் தடுக்கவேண்டிப் பிரித்தானியப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. வடித்த மது பண்டசாலையில் இரண்டாண்டேனும் கிடக்க வேண்டும் என்றும், பின்னர் மூன்றாண்டு என்றும் விதிக்கப்பட்டது. நோக்கம் சுவையன்று, இளமதுவைச் சந்தையிலிருந்து அகற்றுவதே. குடியைக் குறைக்க வந்த சட்டம் குடியின் தரத்தை உயர்த்திவிட்டது. சிறிய வடிசாலைக்காரரால் மூன்றாண்டு பணத்தை முடக்க இயலவில்லை, பெரியோரால் இயன்றது. இன்றும் அயர்லாந்து விஸ்கி மரப்பீப்பாவில் மூன்றாண்டேனும் கிடந்ததாக இருத்தல் வேண்டும். சுவை கூட்டியதை அப்பெயரால் விற்கச் சட்டம் இடங்கொடாது. பீப்பாவில் கிடக்கும்போது ஆண்டுதோறும் ஆவியாகக் குறையும் பங்கை அந்நாட்டார் தேவதூதர் பங்கு என்பர். குளிர்நாட்டிலே நூற்றுக்கு இரண்டு அளவில் நிற்கும் அந்தப் பங்கு, யாழ்ப்பாணம் போன்ற வெப்பநாட்டிலே மேலும் மிகும்.

குடாநாட்டுக்குத் திரும்புவோம். 1972ஆம் ஆண்டளவில் மரவரி முறைக்குப் பதிலாகக் கள்ளிறக்கும் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்பட்டன. பின்னர் அவை பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் எனப்பட்டன. தொழிலாளி இறக்கிய கள்ளைச் சங்கம் அளந்து பெற்று, குறித்த விலை கொடுத்து, தன் விற்பனை நிலையங்களில் விற்றது. வெளியாருக்கு இது ஒரு சாதாரண நிருவாக மாற்றமாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் தலைமுறை தலைமுறையாக மாலை வேளையிற் பேரம் பேச வலியற்று நின்றவர், முதன்முறையாகச் சிட்டையில் எழுதிய விலையைப் பெற்றார். சங்கத்திலே அவர் அங்கத்தவர். கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கலாம். இறக்கும்போது விபத்து நேர்ந்தால் குடும்பத்துக்கு உதவி கேட்க ஒரு வாசல் இருந்தது. கோயில் வாசல் திறக்கவேண்டுமென்று 1968இல் மாவிட்டபுரத்திலே போராட்டம் நடந்து நான்காண்டே கழிந்திருந்தது என்பதை மனத்திற் கொண்டால் இதன் பெறுமதி விளங்கும்.

1978ஆம் ஆண்டிலே பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. பனங்கட்டி, பாணி, கற்கண்டு, நார், ஓலைப்பின்னல் எல்லாவற்றுக்கும் அது பொறுப்பேற்றது. கூட்டுறவுச் சங்கங்களோ நெடுநாள் எட்டாக்கனியாக இருந்த வடிசாலையை நோக்கின. வடமராட்சியிலே பருத்தித்துறைக்கு அண்மையிலுள்ள திக்கம் என்னும் ஊரில் எழுந்த வடிசாலை அவ்வகையில் பெயர் பெற்றது. பருவத்தில் மிஞ்சிய கள் அங்கே பனஞ்சாராயமாயிற்று. முட்டிக்காரர் கூட்டாகச் சேர்ந்து பீப்பாக்காரராயினர். இலங்கையில் தென்னஞ்சாராயத்தை முதிர்விக்கும் பெருந்தொட்டிகள் ஹல்மில்ல என்னும் மரத்தினாலானவை. கப்பல் வணிகர் திருகோணமலை மரம் என்று அழைத்தது அதனையே. அம்மரம் வடகீழ்க் காடுகளிலும் வளர்வது. சாராயத்துக்கு வேண்டிய மரமும் பனையும் அடுத்தடுத்த நிலங்களில் வளர்ந்தும், இரண்டையும் சேர்த்து வைக்கும் வலிமை மரமேறுபவருக்கு வர மூன்று நூற்றாண்டு சென்றது.

வந்தது நெடிது நிலைக்கவில்லை. 1983இன் பின் மூண்ட போர் வடிசாலையையும் சங்கங்களையும் விட்டு வைக்கவில்லை. தெற்கோடு போக்குவரவு அறுந்தது. காவலரண்களுக்காகப் பனைகள் பெருந்தொகையாக வெட்டப்பட்டன. இரு தரப்பாரும் வெட்டினர். வேலியாக நின்ற பனையும் வருவாயாக நின்ற பனையும் மண் அணைக்கும் குற்றியாயின. பனை ஒன்று பாளை விடப் பதினைந்து இருபது ஆண்டு செல்லும். ஒரு நாளில் வெட்டிய மரத்துக்கு ஈடு காண ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும். 2009இற் போர் முடிந்தபின் மரம் நடப்பட்டது. ஆனால் தொழிலுக்கு வருவோர் குறைந்தனர். தந்தையின் மார்புத் தழும்பைக் கண்டு வளர்ந்த மகன் வேறு வேலை தேடிப் போவதிற் குறைகாண எவருக்கும் உரிமையில்லை. பள்ளிக்கூடம் போகவும் பட்டணம் போகவும் அவனுக்கு வழி திறந்ததே அந்தத் தழும்பின் உழைப்பால்தான்.

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டிலே வேறொரு வழி மேற்கொள்ளப்பட்டது. 1987இல் அங்கே கள் இறக்குவதற்கும் விற்பதற்கும் தடை விதிக்கப்பட்டது. அதன்பின் 2003இல் ஆலைகளில் வடித்த கடும் மதுவின் சில்லறை விற்பனையை அரசின் கழகமே ஏற்றது. மரத்திலிருந்து வரும் மெல்லிய மதுவுக்கு விலக்கு. நிறமும் சுவையும் ஏற்றிய கடும் மதுவுக்கு வாணிகம். 1912இல் இலங்கை மதுவரி அதிகாரிகள் சொன்ன வாதம் அங்கே தலைகீழாயிற்று. இதனாற் குடி குறைந்ததா என்று ஆராய்வது வேறொரு பேச்சுக்கு உரியது. மரமேறுபவர் தொழிலை இழந்தார் என்பதில் மட்டும் ஐயமில்லை.

இலங்கைச் சந்தையிலும் சாராயம் என்னும் பெயர் பல பொருளைத் தாங்குகின்றது. முழுவதும் கள்ளிலிருந்து வடித்து மரத்தொட்டியில் முதிர்ந்ததும் சாராயமே. கரும்புப் பாகின் கழிவிலிருந்து எடுத்த மதுசாரத்தோடு சிறிதளவு கள்வடிப்பைக் கலந்து நிறமேற்றியதும் சாராயமே. டப்ளின் வடிசாலையார் தோற்ற வழக்கு வேறு பெயரில் இங்கும் நடக்கின்றது. கலவையில் மரத்தின் பங்கு குறையக் குறைய, மரம் ஏறுபவரின் பங்கும் குறையும். தூய பனஞ்சாராயத்தைக் கேட்டு வாங்குபவர் தம்மை அறியாமலே திக்கத்துக்கும் அதற்குக் கள் கொடுக்கும் ஊர்களுக்கும் சார்பாக ஒரு வாக்கு அளிக்கின்றார். மது அருந்தாதவர் பனங்கட்டிக் குட்டானை வாங்கும்போதும் அதே வாக்கையே அளிக்கின்றார். அவ்வாக்கு ஒருவேளை இன்னும் பெறுமதி மிக்கது, ஏனெனில் அதற்கு விறகுச் செலவும் ஒரு பெண்ணின் ஒரு பகல் உழைப்பும் சேர்ந்துள்ளன.

பருவ காலத்தில், வெயில் தாழும் வேளையிலே, சைக்கிளின் இருபுறமும் கலன்களைத் தூக்கிக்கொண்டு தொழிலாளர் சங்கத்தின் சேகரிப்பு நிலையத்துக்கு வருகின்றனர். கள் வடிக்கப்பட்டு அளக்கப்படுகின்றது, சிட்டை எழுதப்படுகின்றது. அதில் ஒரு பங்கு அன்று மாலையே பிளாவுக்கும் போத்தலுக்கும் போகும். மிஞ்சியது வடிசாலைக்குப் போகும். சிட்டையை மடித்து இடுப்பிற் செருகிக்கொண்டவர் மறுநாளுக்கு வேண்டிய முட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து வைக்கின்றார். வீட்டில் விறகு இருக்கின்றதா என்று பார்த்த பின்னரே, சுண்ணாம்புச் சிரட்டையை எடுப்பதா விடுவதா என்பது முடிவாகின்றது.